கோலம் போடத் தெரிந்த பிள்ளைக்குக் கூம்பு ஏன் தெரியவில்லை?

வரைபலகை | சனி, இரவு 9.40

சேலம் கருப்பூர்ப் பக்கம் ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில் முதலாண்டுக்கு இன்ஜினியரிங் கிராபிக்ஸ் எடுக்கிறேன். பதினெட்டு வருஷமாக இதே பாடம்தான். போன வாரம் வகுப்பில் நடந்ததைச் சொல்லிவிட்டு உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும்.

செக்‌ஷன் ஆஃப் சாலிட்ஸ் நடந்துகொண்டிருந்தது. நிமிர்ந்து நிற்கிற கூம்பைச் சாய்வாக ஒரு தளம் வெட்டுகிறது. வெட்டுமுகத்தின் உண்மை வடிவம் என்ன? கணக்கைப் போடுவதற்கு முன்னால், டிராஃப்டர் என்ற வரைகருவியைத் தொடாமல், மனசில் தோன்றுவதை நோட்டின் கடைசிப் பக்கத்தில் வெறுங்கையால் வரையச் சொன்னேன். மேஜை மேஜையாகப் போய்ப் பார்த்தால் பெரும்பாலானவர்கள் முட்டை வரைந்திருந்தார்கள். மேலே ஒடுக்கம், கீழே அகலம். காரணம் கேட்டால் எல்லாருக்கும் ஒரே பதில்: "கூம்பு கீழ போகப் போக அகலமாகுதுல்ல சார்?" வர வேண்டியதோ நீள்வட்டம், ரெண்டு முனையும் ஒரே மாதிரி.

கடைசி மேஜையில் ஒரு பெண் எதுவுமே வரையவில்லை. "எனக்குக் கண்ணுக்குள்ள ஒண்ணும் வரல சார். அது எனக்குப் பொறப்புலயே இல்ல" என்றாள். ரெண்டு இன்டர்னலிலும் தவறியவள். இதே பெண் கல்லூரிப் பொங்கலுக்கு 15 புள்ளிச் சிக்குக் கோலத்தை ஒரே கம்பியாகப் போட்டு முடித்ததைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். மாவு எடுக்கத்தான் கை நின்றது, யோசிக்க நிற்கவில்லை. கம்பி எங்கே கிளம்பி எந்தப் புள்ளியைச் சுற்றி எங்கே வந்து சேரும் என்பது முழுக்க அவள் தலைக்குள் இருந்தது. அவளுக்கு இடம் பிடிபடாது என்று யார் சொன்னாலும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

முட்டை வரைந்தவர்களும் தலைகுனிய வேண்டியதில்லை. ஜெர்மானிய ஓவியர் ஆல்பிரெக்ட் டியூரர் 1525-ல் வெளியிட்ட வடிவகணித நூலில் இதே வெட்டைப் போட்டிருக்கிறார். முன்தோற்றம், மேல்தோற்றம் இரண்டையும் வைத்துக்கொண்டு புள்ளி புள்ளியாக எடுத்து இணைத்தார். முறை சரியான முறைதான். ஆனாலும் அவர் கோடு ஒரு முனையில் பருத்து முட்டையாகவே வந்தது. அதற்கு முட்டைக்கோடு என்றே பெயரும் வைத்தார். அவ்வளவு பெரிய கைக்காரரின் கண்ணையே ஏமாற்றிய வடிவம் இது.

என் கேள்வி இதுதான். இந்தப் பார்வை பிறப்பில் வருவதா, பழக்கத்தில் வருவதா? பழக்கத்தில் வருவது என்றுதான் நான் உறுதியாக நினைக்கிறேன். அப்படியென்றால் நம் ஊரில், நம் கையில் இருப்பதைக் கொண்டு அதை எப்படிப் பழக்குவது?

பாவும்_ஊடையும் | சனி, இரவு 10.25

சார் வணக்கம். அம்மாப்பேட்டைல ஜக்கார்டுத் தறிக்குக் கிராப் போடறவன் நான், அதாவது துணியில வர வேண்டிய டிசைனக் கட்டத்தாள்ல போட்டுக் குடுக்கறவன். படிப்பு பத்தாவதோட சரி. அந்தப் பொண்ணு சொன்னதப் படிச்சதும் எனக்கு என் பதினேழு வயசு ஞாபகம் வந்துடுச்சு.

தொழில் பழகறப்ப நான் முதல்ல போட்ட டிசைன் ஒரு வட்டம், உள்ள ஒரு மயில். சாதாக் கட்டம் போட்ட தாள்ல அழகா வட்டம் போட்டு, கட்டம் கட்டமாச் சிவப்பு அடிச்சுக் குடுத்தேன். அட்டை அடிச்சுத் தறியில ஏத்தி ஒரு சாண் நெய்ஞ்சு பாத்தா, வட்டம் நெட்டுக்குத்தலா இழுத்து விட்ட மாதிரி இருக்குது. மயிலுக்குக் கழுத்து கொக்குக் கழுத்து. என்னன்னா, ஒரு அங்குலத்துல பாவு இழை (நெட்டுக்குப் போறது) எத்தனை, ஊடை (குறுக்கப் போறது) எத்தனைங்கிறது ஒண்ணா இருக்காதுங்க. பாவு நெருக்கமா இருந்தா அந்தக் கட்டம் துணியில ஒல்லியா, உயரமா ஆயிடும். அதனால கிராப் தாள்லயே கட்டத்தோட அகல உயரத்த அந்தக் கணக்குக்குத் தக்க போட்டிருக்கணும்.

எங்க மாஸ்டர் திட்டல. பழைய அட்டைக்கட்டு ஒண்ண மடியில வச்சு, "ஒவ்வொண்ணாத் தடவிப் பாரு"ன்னார். ஒரு அட்டைக்கு ஒரு ஊடை. ஓட்டை இருந்தா அந்த இழை தூக்கும், இல்லைன்னா கீழயே கெடக்கும். கண்ண மூடிக்கிட்டு ஓட்டையத் தடவிட்டு, அது துணியில எந்த எடம்னு விரல் வச்சுக் காட்டணும். ஒரு மாசம் அதேதான் வேலை. அப்புறம் அட்டையப் பாத்தாலே பூவு தெரிய ஆரம்பிச்சுது. இப்ப சில ரகத்துல துணியோட முகம் கீழ இருக்கும், மேல தெரியறது முதுகுதான். முதுகப் பாத்துக்கிட்டே முகத்த மனசுல ஓட்டறோம். இது பொறப்புல வந்தது இல்லீங்க சார். நான் சாட்சி.

கேள்விக்குறி | ஞாயிறு, காலை 7.10

உளவியல் முதுகலை படித்தவன். வரைபலகை ஐயாவின் அக்கறை புரிகிறது. ஆனால் ஒரு இடத்தில் நிறுத்திக் கேட்க வேண்டியிருக்கிறது.

1971-ல் ஷெப்பர்டும் மெட்ஸ்லரும் செய்த சோதனை இந்தத் துறையின் அடிக்கல். கனசதுரங்களைக் கோத்த இரண்டு உருவங்களைக் காட்டி, ஒன்றைத் திருப்பினால் மற்றது வருமா, இல்லை அது கண்ணாடிப் பிம்பமா என்று கேட்டார்கள். திருப்ப வேண்டிய கோணம் கூடக் கூட, பதில் சொல்ல ஆன நேரமும் நேர்கோடாகக் கூடியது. வினாடிக்குச் சுமார் 60 பாகை. கையில் ஒரு பொருளை வைத்துத் திருப்புவது போலவே மனசும் திருப்புகிறது. அந்தத் திறமை ஆளுக்கு ஆள் வேறுபடுகிறது என்பதும் உண்மை.

அடுத்தது 2002-ல் சிம்ஸ், மேயர் இருவரும் டெட்ரிஸ் விளையாட்டில் தேர்ந்தவர்களைச் சோதித்தது. டெட்ரிஸ் கட்டை போன்ற வடிவங்களை மனசில் திருப்புவதில் அவர்கள் கெட்டிக்காரர்கள். மற்ற இடத்திறன் சோதனைகளில், அதாவது வடிவத்தையும் இடத்தையும் மனசில் பிடிக்கிற திறனைப் பார்க்கிற சோதனைகளில், பெரிய வித்தியாசம் இல்லை. பழகிய வடிவத்தோடு திறமை நின்றுவிட்டது.

கோலம் தரையில் ஓடுகிற கோடு. அதில் ஆழம் இல்லை. ஜக்கார்டு அட்டையும் தட்டையானது. ரெண்டும் நம் மண்ணின் பெருமை என்பதற்காக, கோலம் வருகிறவளுக்குக் கூம்பும் தானாக வரும் என்று எதிர்பார்த்தால் அந்தப் பெண்ணுக்குத்தான் இன்னொரு ஏமாற்றம்.

குறுக்குவெட்டு | ஞாயிறு, காலை 11.30

சொந்த ஊர் ஆத்தூர். இப்போது ஜப்பானில் ஆய்வு மாணவன், துறை கிட்டத்தட்ட இதுவேதான். இங்கே இதை வெறும் டிராயிங் பாடமாக ஒதுக்குவதில்லை. வரைவு அறிவியல் என்று தனிப்பெயர் கொடுத்து, 1967-லேயே அதற்கென ஒரு கழகம் தொடங்கிவிட்டார்கள். வடிவத்தை மனிதன் எப்படி மனசில் பிடிக்கிறான், எப்படித் தாளில் இறக்குகிறான், எதில் தடுமாறுகிறான் என்பதெல்லாம் அதற்குள் வரும்.

வரைபலகை சார் நோட்டின் கடைசிப் பக்கத்தில் செய்யச் சொன்னதற்கே ஒரு சோதனை இருக்கிறது. மனவெட்டுச் சோதனை என்று சொல்லலாம். 1939-ல் அமெரிக்காவில் கல்லூரி நுழைவுக்காக உருவானது. 25 கேள்வி, 20 நிமிடம். ஒரு திண்மப் பொருளை ஒரு தளம் வெட்டுகிற படம் இருக்கும், வெட்டுமுகம் எது என்று ஐந்தில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஜப்பானில் வரைவுப் பாடம் மாணவர்களிடம் என்ன மாற்றம் செய்கிறது என்று பார்க்க இதை நிறையப் பயன்படுத்தியிருக்கிறார்கள்.

பிறப்பா பழக்கமா என்ற கேள்விக்கு ஷெரில் சார்பியின் வேலையைச் சொல்ல வேண்டும். அமெரிக்காவில் மிச்சிகன் டெக் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்தவர். மாணவியாக இருந்தபோது அவரையே திணறடித்த பாடம் கிராபிக்ஸ்தான். முதலாண்டு மாணவர்களுக்குப் உருவத்தை மனசில் திருப்பிப் பார்க்கிற பர்டியூ சுழற்சிச் சோதனை வைத்து (அதில் 30 கேள்வி), 60 சதவீதத்துக்குக் கீழே எடுத்தவர்களுக்கு 1993 முதல் தனி வகுப்பு நடத்தினார்கள். கட்டைகளை அடுக்குவது, அதைப் பார்த்துக் கையால் ஐசோமெட்ரிக் (மூன்று பக்கமும் தெரிகிற சாய்வுப் படம்) வரைவது, திருப்புவது, வெட்டுவது. வகுப்பை முடித்தவர்கள் சோதனையில் நன்றாக ஏறினார்கள், பொறியியலை விட்டு விலகுவதும் குறைந்தது. அதிலும் பெண்களுக்கு இது பெரிய துணையாக இருந்தது. பிறகு 2013-ல் உட்டாலும் உடனிருந்தவர்களும் 217 பயிற்சி ஆய்வுகளை ஒன்றாகத் தொகுத்துப் பார்த்தார்கள். இடத்திறன் பயிற்சியால் கூடுகிறது, கூடியது நிலைக்கிறது, பழகாத வேலைக்கும் ஓரளவு கை கொடுக்கிறது என்று வந்தது.

கேள்விக்குறி சொல்கிற டெட்ரிஸ் எச்சரிக்கையும் நியாயமானது. அதனால்தான் கோலத்தில் அந்தப் பெண் பழகியது எது என்று உற்றுப் பார்க்க வேண்டும். 1974-ல் தாம்பரம் சென்னைக் கிறித்தவக் கல்லூரியிலிருந்து கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிருத்திவாசன் மூவரும் கோலத்தைக் கணினி இலக்கணமாக எழுதிக் காட்டினார்கள். சிறு சிறு விதிகளை வரிசையாகப் போட்டாலே முழுக்கோலமும் பிறந்துவிடுகிறது. போடுகிறவர்களைக் கேட்டாலும் அப்படித்தான் சொல்வார்கள். முழுப்படம் கண்ணுக்குள் தொங்குவதில்லை. இந்தப் புள்ளியைச் சுத்து, அடுத்ததைத் தாண்டு, திரும்பு என்று அசைவு அசைவாகத்தான் வருகிறது. அந்தப் பெண்ணிடம் இருப்பது பாதையின் நினைவு. "கண்ணுக்குள்ள வரல" என்று அவள் சொன்னது பொய்யில்லை. அவளுக்கு அது கண் வழியாக வருவதில்லை, கை வழியாக வருகிறது.

வரைபலகை | ஞாயிறு, மதியம் 12.05

குறுக்குவெட்டு, கடைசி ரெண்டு வரியை மூன்று முறை படித்தேன். பதினெட்டு வருஷமாக "கண்ணை மூடிக் கூம்பைக் கற்பனை பண்ணு" என்றுதான் சொல்லிக்கொடுத்து வருகிறேன். இன்று ராத்திரி உட்கார்ந்து யோசிக்க வேண்டும்.

சேர்வராயன்_சரிவு | ஞாயிறு, மாலை 4.20

ஏற்காட்டுல காபி, மிளகு. இழைய விட்டு வெளிய போறேனான்னு தெரியல, ஆனா இடம்னு பேச்சு வந்ததால சொல்றேன்.

எங்கப்பாவுக்கு இடது வலது கிடையாது. "அந்த மேல் வரிசைச் செடி", "கீழாண்ட சில்வர் ஓக்கு". எஸ்டேட்ல யார்கிட்ட பேசினாலும் மேல, கீழ, குறுக்கால, இவ்வளவுதான். "கீழ போயிட்டு வர்றேன்"னா சேலம் போறார்னு அர்த்தம். 20 கொண்டை ஊசி வளைவுல வண்டி தலைகீழாத் திரும்பித் திரும்பி இறங்கினாலும் அவருக்குத் திசை தப்பாது. அவரே புது பஸ் ஸ்டாண்டுல இறங்கி, யாராச்சும் "லெஃப்ட்ல போய் ரைட்ல திரும்புங்க"ன்னு சொன்னா அப்படியே நின்னுடுவார். ஒரு தடவை ஏற்காட்டு மலை எந்தப் பக்கம் தெரியுதுன்னு தேடி, கட்டடத்து இடுக்குல அதக் கண்டுபிடிச்ச பிறகுதான் நடந்தார். மலை வடக்க இருக்குன்னு தெரிஞ்சா போதும் அவருக்கு.

குறுக்குவெட்டு | ஞாயிறு, இரவு 8.15

நீங்கள் வெளியே போகவே இல்லை, இழையின் நடுவுக்குத்தான் வந்திருக்கிறீர்கள். மெக்சிகோவில் தெனெஹாபா ஊரின் செல்தால் மொழிக்காரர்கள் உங்கள் அப்பாவைப் போலத்தான். அங்கே தெற்கே மேடு, வடக்கே இறக்கம். சமதரையில், மேஜை மேல் இருக்கிற ரெண்டு டம்ளருக்குக்கூட "மேட்டுப்பக்க டம்ளர்" என்றுதான் சொல்வார்கள்.

தமிழிலும் இதை ஆய்ந்திருக்கிறார்கள். 1990-களில் எரிக் பீடர்சன் தமிழ்நாட்டில் செய்தார். மேஜையில் பொம்மை விலங்குகளை வரிசையாக வைத்துக் காட்டுவார்கள். பிறகு ஆளை நேர்எதிராகத் திருப்பி, இன்னொரு மேஜையில் அதேபோல வைக்கச் சொல்வார்கள். இடது வலது பேசுகிறவர் தன் உடம்பை வைத்து அடுக்குவார். கிழக்கு மேற்கு பேசுகிறவர் திசையை வைத்து அடுக்குவார். கிராமத்தில் திசைச்சொல்லும் நகரத்தில் இடவலமும் மிகுதி, அடுக்கியதும் பெரும்பாலும் அந்தப் பேச்சையே ஒட்டிப் போனது.

நம் திசைச் சொல்லிலேயே மலை ஒளிந்திருக்கிறது. மேல் என்பதிலிருந்து மேற்கு, கீழ் என்பதிலிருந்து கிழக்கு. மேற்கே மலைத்தொடர், கிழக்கே கடல். கால்டுவெல் இதை எடுத்துக்காட்டி இன்னொன்றும் சொன்னார். மலையாளத்திலும் கிழக்கு என்றே சொல்கிறார்கள், ஆனால் அங்கே கிழக்கில்தான் மலை. மலைக்கு இந்தப் பக்கம் பிறந்த சொல் அந்தப் பக்கம் போய் வாழ்கிறது.

கேள்விக்குறி | ஞாயிறு, இரவு 9.00

இதற்கு ஒரு மறுப்பும் இருக்கிறது, அதையும் வைத்துவிடுகிறேன். 2002-ல் லீயும் கிளைட்மனும் ஆங்கிலம் பேசுகிறவர்களிடமே இதே விலங்குச் சோதனையைச் செய்தார்கள். அறையில் அடையாளம் தெரியும்படி வைத்தபோது அவர்கள் அடுக்கும் விதம் மாறியது. மொழி மட்டும் காரணமில்லை, கண்ணுக்கு எட்டுகிற அடையாளமும் காரணம் என்றார்கள். பேசும் மொழியே காரணம் என்று சொல்லி வந்த லெவின்சன் குழு அதற்கு மறுமொழி எழுதியது. வழக்கு இன்னும் முடியவில்லை. ஏற்காட்டு ஐயா மலையைத் தேடிக் கண்டுபிடித்த பிறகு நடந்தார் என்பது ரெண்டு கட்சிக்கும் சான்றாக நிற்கிறது.

வரைபலகை | திங்கள், காலை 6.30

இடது வலது பற்றிப் பேசியதால், வகுப்பில் என்னை நீண்டநாளாக வாட்டுகிற ஒன்று. ஒரு பொருளின் தோற்றங்களைத் தாளில் வைக்க நம் நாட்டில் ஃபர்ஸ்ட் ஆங்கிள் முறை. மேல்தோற்றம் கீழே வரும், இடப்பக்கத் தோற்றம் வலப்பக்கம் வரும். "லெஃப்ட் வியூ எதுக்கு சார் ரைட்ல?" என்று கேட்காத பிள்ளை கிடையாது. அமெரிக்காவிலும் ஜப்பானிலும் தேர்டு ஆங்கிள், அங்கே மேல்தோற்றம் மேலேயே இருக்கும்.

இதற்கு மனப்பாட விதி சொல்வதை விட்டுவிட்டேன். அறையின் மூலைக்குக் கூட்டிப்போய் நிறுத்துகிறேன். எதிர்ச்சுவர் வி.பி. (செங்குத்துத் தளம்), தரை ஹெச்.பி. (கிடைத்தளம்), வலச்சுவர் மூன்றாவது தளம். மூலைக்கு முன்னால் ஒரு நாற்காலி. நேரெதிரிலிருந்து டார்ச் அடித்தால் எதிர்ச்சுவரில் நிழல், அது முன்தோற்றம். மேலிருந்து அடித்தால் நிழல் தரையில். இடப்பக்கமிருந்து அடித்தால் நிழல் வலச்சுவரில்தானே விழும்? இனி தரையைக் கீழ்நோக்கிக் கதவு மாதிரி மடக்கி, வலச்சுவரை வெளியே திறந்து, மூன்றையும் ஒரே தாளாக்கு. எல்லாம் அதனதன் இடத்தில் வந்துவிட்டது.

நேற்றைய பேச்சுக்குப் பிறகு தோன்றுகிறது: எதிர்ச்சுவர் என்று சொல்லாமல் "மலை தெரிகிற ஜன்னல் பக்கச் சுவர்" என்று சொல்லிப் பார்க்க வேண்டும். பிள்ளை எந்தப் பக்கம் திரும்பி நின்றாலும் மலை இடம் மாறாது.

பலகை_எழுத்து | திங்கள், காலை 10.45

அஸ்தம்பட்டியில விளம்பரப் பலகை, அறிவிப்புப் பலகை செய்யறேன். சில வருஷம் முன்ன ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்கு "நீங்கள் இங்கே இருக்கிறீர்கள்" வரைபடம் போட்டேன். வாசல்ல நுழைஞ்சதும் எதிர்ல இருக்கிற சுவத்துக்குன்னு வரைஞ்சது. நேரா நடந்தா எதுவோ அது படத்துல மேல. நான் ஊர்ல இல்லாத நாள்ல, அந்தச் சுவத்துல வேற எதையோ மாட்டிட்டு, என் படத்த எதிர்ச்சுவத்துல மாட்டிட்டாங்க. படம் அச்சு அசலா அதே படம்தான். ஆனா இப்ப படத்துல மேல இருக்கிறது பாக்கிறவருக்கு முதுகுப் பக்கம், இடது வலதும் மாறிப் போச்சு.

ஒரு மணிநேரம் நின்னு பாத்தேன். ரத்தப் பரிசோதனைக்குச் சீட்டு வச்சிருந்த ஒரு அம்மா படத்துல விரல் வச்சு நிதானமாப் பாத்துட்டு, நம்பிக்கையோட நேர்எதிர்ப் பக்கம் நடந்து போனாங்க. மாத்தச் சொல்லி மூணு தடவை கேட்டேன், மாத்தல. இன்னமும் மனசு ஆறல.

குறுக்குவெட்டு | திங்கள், மதியம் 1.30

உங்கள் மேல் தவறே இல்லை. மார்வின் லெவினும் உடன் ஆய்வாளர்களும் 1984-ல் இதையேதான் சோதித்தார்கள். படத்தின் மேல்பக்கம் பார்ப்பவரின் முன்பக்கத்தோடு ஒத்திருக்க வேண்டும். தலைகீழாக மாட்டினால் நிறையப் பேர் நேர்எதிர் திசையில் போய்விடுகிறார்கள். படம் பார்க்கத் தெரியாதவர்கள் என்று அவர்களைச் சொல்ல முடியாது. படத்தை மனசில் 180 பாகை திருப்பச் சொல்கிறோம், ஷெப்பர்டின் சோதனையில் அதிக நேரம் வாங்கிய கோணமே அதுதான். அதையும் கையில் சீட்டு, மனசில் கவலையோடு நிற்கிறவரிடம் கேட்கிறோம்.

தகரம் | செவ்வாய், இரவு 10.10

அண்ணா எல்லாருக்கும் வணக்கம். டவுன்ல எங்கப்பாவுக்குத் தகரப்பட்டறை. புனல், புகைக்கூண்டு, அளவுப்படி, தண்ணி டிரம் மூடி. நான் டிப்ளமோ மெக்கானிக்கல் முடிச்சிட்டு அவரோடதான் இருக்கேன். கூம்பு வெட்டு முட்டையா நீள்வட்டமான்னு அப்பாகிட்டக் கேட்டேன். "வெட்டிப் பாத்தாத் தெரிஞ்சு போகுது"ன்னார். இன்னிக்குக் கடை அடைச்சிட்டு ரெண்டு பேரும் செஞ்சோம்.

அடி ஆரம் 10 செ.மீ., சாய்வு 30 செ.மீ.ன்னு ஒரு கூம்பு. ஆரத்தைச் சாய்வால வகுத்து 360-ஆல பெருக்கினா 120 பாகை. தகரத்துல 30 செ.மீ. ஆரத்துக்கு வட்டத்துல மூணுல ஒரு பங்கு, அதோட மடிப்புக்கு ஒரு விரக்கடை. அப்பா பாகை எல்லாம் வைக்கல, கவராயத்தாலயே மூணு பங்கு பிரிச்சுட்டார். சுருட்டி, மடிப்பைக் கொக்கி மாதிரி மட்டும் மாட்டினோம், தட்டி இறுக்கல.

டப்புல காவித் தண்ணி கரைச்சு, கூம்பை முனை கீழ இருக்கற மாதிரி சாய்ச்சு முக்கி எடுத்தோம். தண்ணி மட்டம்தானே தளம்? காவிக் கறை எதுவரைக்கும் ஏறுச்சோ அதுதான் வெட்டுக்கோடு. காஞ்சதும் மடிப்ப விரிச்சுத் தகரத்தத் தட்டையாப் போட்டா, கறையோட ஓரம் அலை மாதிரி ஏறி இறங்கி ஒரு வளைவா நிக்குது. அந்த வளைவு மேலயே கத்தரி போட்டு வெட்டி, மறுபடி சுருட்டி, வெட்டுன வாய் கீழ வர்ற மாதிரி பலகை மேல வச்சோம். ஒரு ஆட்டம் இல்லாம, நாலு பக்கமும் படிஞ்சு நின்னுச்சு. அலையா வெட்டினது தட்டையா உக்காந்தத நான் இன்னிக்குத்தான் கண்ணால பாத்தேன்.

கீழ வெள்ளத்தாள் வச்சு வாயச் சுத்திப் பென்சில் ஓட்டினோம். தாள நீளவாக்குல மடிச்சு டியூப்லைட்டுக்கு எதிரப் பிடிச்சோம், கோடு கோட்டு மேல. அகலவாக்குல மடிச்சோம், அதுவும் கோடு கோட்டு மேல. முட்டையா இருந்தா ரெண்டாவது மடிப்பு ஒட்டாது. நீள்வட்டம்தாண்ணா.

ஆனா ஒண்ணு. கூம்போட நடு அச்சு அந்தத் தாளக் குத்தற புள்ளியக் குறிச்சுப் பாத்தேன். அது நீள்வட்டத்தோட நடுவுல இல்ல, தள்ளி இருக்கு.

வரைபலகை | செவ்வாய், இரவு 10.50

தம்பி, அந்தக் கடைசி வரிதான் டியூரருக்குத் தப்பிய விஷயம். கூம்பின் அச்சு தளத்தைக் குத்துகிற இடம் நீள்வட்டத்தின் நடு இல்லை. அங்கிருந்து முனைப் பக்கம் தூரம் குறைவு, அடிப்பக்கம் தூரம் அதிகம். நாமோ அச்சையே நடு என்று வைத்துக்கொண்டு, கீழே அகலம் மேலே ஒடுக்கம் என்று நினைக்கிறோம்.

உங்கள் அப்பாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். மரியாதைக்காக மட்டும் சொல்லவில்லை. நாங்கள் நடத்துகிற பாடமே பட்டறையிலிருந்து வந்ததுதான். பிரான்சில் கல் தச்சரும் மரத் தச்சரும் வளைவுக்குக் கல் வெட்டத் தாளில் கோடு போட்டு வைத்திருந்த முறைகளைத்தான் காஸ்பார் மோன்ஜ் பொதுவான கணிதமாக்கினார். மெசியேர் ராணுவப் பள்ளியில் அவர் இளைஞராக இருந்தபோது, எதிரியின் குண்டு எட்டாதபடி கோட்டைச் சுவரை அமைக்கிற கணக்கை மிகச் சீக்கிரம் முடித்துக் காட்டினார். இவ்வளவு சீக்கிரம் வராது என்று அதிகாரி முதலில் பார்க்கவே மறுத்தார். பார்த்த பிறகு அதை ராணுவ ரகசியமாகப் பூட்டி வைத்தார்கள். 1795-ல்தான் மோன்ஜ் பாரிஸில் வெளிப்படையாகப் பாடம் நடத்த முடிந்தது.

அந்தத் தகரக் கூம்பை எனக்கு ரெண்டு நாள் இரவல் தர முடியுமா?

தகரம் | செவ்வாய், இரவு 10.58

காலைல காலேஜ் கேட்டுல கொண்டு வந்து குடுத்துடறேன் சார். ரெண்டு துண்டும் இருக்கு.

வரைபலகை | வியாழன், இரவு 9.15

நேற்று அந்தப் பெண்ணை ஆய்வகத்தில் உட்காரவைத்தேன். கற்பனை பண்ணச் சொல்லவில்லை. கூம்பின் மேல் முனையிலிருந்து அடிவரைக்கும் சாக்பீஸால் 12 கோடு இழுத்தோம், பாடப்புத்தகத்தில் வட்டத்தை 12 பங்கு பிரிக்கிறோமே, அதே 12. "வெட்டு ஒவ்வொரு கோட்டையும் ஒரு இடத்துல தாண்டுதும்மா. அந்த இடம் புள்ளி. பன்னெண்டு புள்ளியையும் கோக்கற கம்பிதான் வெட்டுமுகம்" என்றேன். அவள் ஆள்காட்டி விரலை வெட்டு விளிம்பில் வைத்து மெதுவாக ஒரு சுற்று வந்தாள். கோடு வரும்போதெல்லாம் விரல் நின்றது. ரெண்டாவது சுற்றில் எண்ணிக்கொண்டே வந்தாள். பிறகு ஷீட்டை இழுத்தாள்.

இந்தக் கணக்கை எத்தனையோ தடவை போர்டில் போட்டிருக்கிறேன். அந்த 12 கோடு புள்ளிக்கோலம்தான் என்று ஒருநாளும் எனக்குத் தோன்றவில்லை.

கேள்விக்குறி | வியாழன், இரவு 9.40

மனம் நிறைந்தது ஐயா. ஆனாலும் ஒருத்தியை வைத்து முடிவுக்கு வர முடியாது. அடுத்த பேட்ச்சில் ரெண்டு செக்‌ஷன் எடுங்கள். ஒன்றுக்குத் தகரமும் விரலும், இன்னொன்றுக்கு வழக்கமான போர்டு. முன்னாலும் பின்னாலும் ஒரே வெட்டுக் கேள்விகளைக் கொடுங்கள். கேள்வியில் கூம்பு மட்டும் போதாது, அவர்கள் தொடாத வடிவமும் இருக்க வேண்டும். டெட்ரிஸ் சந்தேகம் அங்கேதான் தீரும். தாள் தயார் பண்ண நான் சேலம் வருகிறேன்.

வரைபலகை | வியாழன், இரவு 9.44

வாருங்கள். காத்திருக்கிறேன்.

புள்ளி_15 | வெள்ளி, இரவு 8.30

சார் சொன்ன பொண்ணு நான்தான். இழைய முழுசாப் படிச்சேன். எல்லாருக்கும் நன்றி, தகரம் அண்ணாவோட அப்பாவுக்கும்.

சார், ஹாஸ்டல்ல திரும்பப் போட்டேன். பத்துப் புள்ளி வந்துடுச்சு. ரெண்டு மட்டும் மேல்தோற்றத்துக்கு இறக்க முடியல. முன்தோற்றத்துல நடு அச்சு மேலயே விழற ரெண்டு கோடு இருக்குல்ல, முன்னால ஒண்ணு, பின்னால ஒண்ணு. அதுல இருக்கற புள்ளிய நேராக் கீழ இறக்கினா அதே கோட்டு மேலயே போகுது, எங்க நிறுத்தறதுன்னு தெரியல.

வரைபலகை | வெள்ளி, இரவு 8.52

எல்லாரும் முட்டிக்கொள்கிற இடம்தாம்மா. அந்தப் புள்ளியை முன்தோற்றத்திலேயே கிடையாக நகர்த்தி ஓரக் கோட்டுக்குக் கொண்டு போ. அந்த உயரத்தில் கூம்பைச் சுற்றி ஒரு வளையல் போட்டதாக வைத்துக்கொள். அச்சிலிருந்து ஓரக் கோட்டுக்கு இருக்கிற தூரம் வளையலின் ஆரம். மேல்தோற்றத்தில் அந்த ஆரத்துக்கு வட்டம் போடு. உன் ரெண்டு கோட்டையும் அது வெட்டுகிற இடம்தான் நிறுத்துகிற இடம்.

புள்ளி_15 | வெள்ளி, இரவு 10.20

வந்துடுச்சு சார். உண்மை வடிவத்த வெட்டி எடுத்து ரெண்டு பக்கமும் மடிச்சுப் பாத்தேன், ஒட்டுது.

இன்னொண்ணு. சாய்வா இல்லாம, அச்சுக்கு இணையா நேரா வெட்டினா என்ன வரும்? அப்ப கம்பி திரும்ப வந்து சேராதுல்ல?

தகரம் | வெள்ளி, இரவு 10.31

அதுக்குத் தகரம் வேணாம் தங்கச்சி. ரூம் லைட்ட அணைச்சிட்டு, டார்ச்ச சுவத்துக்கு ஒட்டுனாப்ல, நேரா மேல பாக்கற மாதிரி பிடி. வெளிச்சம்தான் கூம்பு, சுவரு தளம்.

புள்ளி_15 | வெள்ளி, இரவு 10.47

பாத்தேன்ணா. கீழ வளைஞ்சு ஆரம்பிச்சு, ரெண்டு கையும் விரிஞ்சு மேல போய்க்கிட்டே இருக்கு. சேரல. ரூம்மேட் பென்சிலால சுவத்துலயே ஓரத்தக் குறிச்சுட்டா. காலைல அளந்து ஷீட்டுல போடறேன்.